கரைக்காத ஊசி

இந்தக் காலத்து மனிதர்களிடம் ஒன்று கேட்டால் ஆமாம் என்றோ இல்லை என்றோ பதில் வருவதில்லை. பஸ் வருமா என்று கேட்டால் போனைத் தேய்க்கிறான். சோறு வெந்துவிட்டதா என்று ஓட்டல்காரனைக் கேட்டால் 'நோக்கட்டே' என்கிறான். பானைக்கு முன்னால் நிற்பவன் அவன்தான், அவனுக்கும் பார்த்துத்தான் சொல்ல வேண்டுமாம். முன்பெல்லாம் தப்பாகச் சொன்னாலும் அடித்துச் சொல்வார்கள். நம்பிப் போய் ஏமாந்தால் திட்டுவதற்காவது ஓர் ஆள் இருந்தான். இப்போது அதற்கும் ஆள் இல்லை.

பிச்சைக்கனிக்கு இந்த எரிச்சல் வெகுகாலமாக உண்டு. குழந்தைகள் ஐ.சி.யு.வின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே இரும்பு நாற்காலியில் குந்த ஆரம்பித்த பிறகு அது நெஞ்சில் ஏறி உட்கார்ந்துகொண்டது. உள்ளே கிடப்பது அவர் மகள் பகவதியின் பிள்ளை அனுஷா. ஒன்றாம் வகுப்பு. வெறும் இருமல் என்று நினைத்திருந்தது நெஞ்சுக்குள் சீழ் கட்டி, கிருமி ரத்தத்தில் கலந்து, பிள்ளை கண் செருகிப் போன நிலையில்தான் ஆட்டோவில் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள். வாய் வழியாக ஒரு குழாய் விட்டு மூச்சை மிஷினுக்குக் கொடுத்தார்கள். மருந்து ஏற்ற இடது தொடையில் இன்னொரு குழாய் போட்டார்கள். பிள்ளையின் அப்பா பிரஜின் மஸ்கட்டில் கம்பி கட்டுகிறான். விமானத்துக்கு வழி தேடிக்கொண்டிருக்கிறான். அதுவரை ஆண்துணை என்று சொல்ல இவர்தான்.

பெரிய துணைதான். சாத்தான்குளம் பக்கத்திலிருந்து மீசை முளைக்காத வயதில் எல்லை தாண்டி மலையாளத்து ஆரியசாலைக் கடைத்தெருவுக்கு வந்து, அரிசி மண்டியில் மூட்டை சுமந்தவர். இடுப்பு விட்டுப்போன பிறகு அதே மண்டியில் கிழிந்த சாக்குகளைத் தைத்துக்கொண்டிருக்கிறார். எழுதப் படிக்கத் தன் பெயரளவுக்குத் தெரியும். ஆனால் ஒருவன் பொய் சொல்கிறானா இல்லையா என்பது முகத்தைப் பார்த்தாலே தெரியும் என்பார். இங்கே அதுவும் உதவவில்லை. எல்லாருடைய முகத்திலும் பாதியை மாஸ்க் மூடியிருந்தது.

காய்ச்சல் விட்டது, மிஷினின் வேகத்தைக் குறைத்தார்கள் என்று பகவதி முகம் தெளிந்த அன்றுதான் பிள்ளையின் இடது கால் வீங்கியது. நர்ஸ் ஷிஜா டேப் வைத்து இரண்டு தொடைகளையும் தையல்காரன் மாதிரி அளந்தாள். அளந்தவள் மறுபடியும் அளந்தாள். அப்புறம் டாக்டரைக் கூப்பிட்டாள். ஒரு ஸ்கேன் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள்.

டாக்டர் ராஜஸ்ரீ வெளியே வந்து இருவரையும் ஓரமாக அழைத்துப் போனார். மலையாளத்துக்காரி. வார்டில் தமிழ் ஆட்களோடு பேசிப்பேசி ஒரு தமிழ் வைத்திருந்தார். வயதானவர்களை மாமன் முறை வைத்து 'அம்மாவா' என்று கூப்பிடுகிற ஊர்ப்பழக்கம்.

"இரிக்கூ, அம்மாவா," என்று பெஞ்சைக் காட்டினார்.

"நின்னே கேக்கேன். பிள்ளைக்குக் கால் எதுக்கு வீங்குது?"

"தொடையில பெரிய ரத்தக்குழாய்க்குள்ள ஒரு டியூப் போட்டிருக்கோம் அல்லே? அதைச் சுத்தி ரத்தம் கட்டியிருக்கு. ஸ்கேன்ல தெரியுது."

"டியூப் போட்டது ஆரு?"

பகவதி அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "அப்பா, மிண்டாம இரிங்க."

"நாங்கதான் போட்டோம்," என்றார் டாக்டர். "பிரஷர் ரொம்பத் தாழ்ந்து போச்சு. அதுக்குண்டான மருந்தைக் கை நரம்பு தாங்காது. அது இல்லைன்னா குழந்தை இன்னைக்கு இருந்திருக்காது."

"சரி, இருக்கட்டும். அதுனாலதான கட்டிச்சு? இப்பமே உருவிப் போடுங்க."

"உடனே எடுக்க முடியாது. மருந்து இப்பவும் அது வழியாத்தான் போகுது. பின்னே, கட்டினது புதுசு. ரத்தம் மேல உறையாம இருக்க ஒரு ஊசி தொடங்கறோம். அது பிடிக்கறதுக்கு முன்னாடி டியூபை இழுத்தா, ஒரு துண்டு பிஞ்சு நுரையீரலுக்குப் போகலாம்."

"போவுமா?"

"போகலாம்."

"போவுமா, போவாதா? அதச் சொல்லுங்க."

"போகலாம், அம்மாவா. போகாமலும் இருக்கலாம்."

பிச்சைக்கனி மகளைப் பார்த்தார். கேட்டாயா என்பது போல. மகள் டாக்டரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்த ஊசி கட்டியைக் கரைச்சிருமா டாக்டர்?" என்று பகவதி கேட்டாள்.

"இது கரைக்காது. மேல வளர விடாது, அவ்வளவுதான். கரைக்கறதை உடம்பே மெதுவா செய்யும்."

"உடம்பே செய்யும்னா ஊசி என்னத்துக்கு?" என்றார் இவர்.

"அது செஞ்சு முடிக்கறதுக்குள்ள கட்டி பெருசாகக் கூடாது அல்லே? கரைக்கிற மருந்து வேறே உண்டு. அதுல ரத்தம் கசியற ஆபத்து கூடுதல். கால் போயிடும், உயிர் போயிடும்னு வந்தா மட்டும்தான் அதை எடுப்போம்."

"டியூப் போட்டா கட்டும்னு உங்களுக்கு முன்னமே தெரியுமா?"

"சில குழந்தைகளுக்குக் கட்டும்னு தெரியும்."

"பின்ன முன்னமே இந்த ஊசியக் குத்திருக்கலாம்லா?"

"பெரியவங்களுக்கு அப்படிக் கொடுக்கறதுண்டு. குழந்தைங்க எல்லாருக்கும் முன்கூட்டியே கொடுத்தா நல்லது கூடுதலா, கெட்டது கூடுதலான்னு இன்னும் யாருக்கும் உறுதியாத் தெரியல. இவளுக்கு அன்னைக்கு ரத்தம் வேற கசிஞ்சிட்டிருந்தது. அதனால கொடுக்கல. நாங்க செய்யறது, தேவை முடிஞ்சதும் டியூபை எடுக்கறது. தினமும் ரவுண்ட்ஸ்ல அதைக் கேட்டுத்தான் முடிவு செய்வோம்" என்றார் டாக்டர்.

அது உண்மைதான். கண்ணாடி வழியாகப் பிச்சைக்கனியே பார்த்திருக்கிறார். காலையில் நாலைந்து பேர் கட்டிலைச் சுற்றி நிற்பார்கள், ஒருவர் தொடையைக் காட்டி ஏதோ கேட்பார், மற்றவர் தலையாட்டுவார், போய்விடுவார்கள். தினமும் அதே கேள்வி, தினமும் அதே தலையாட்டல். எடுக்கவே போவதில்லை என்றால் எதற்குக் கேட்க வேண்டும்?

"உங்களுக்கே தெரியலை," என்றார் பிச்சைக்கனி.

"எல்லாம் தெரியாது," என்றார் டாக்டர். "தெரியாததைத் தெரியும்னு சொல்ல மாட்டேன், கேட்டோ."

அந்த வார்த்தைதான் அவரை முழுக்கக் குழப்பிவிட்டது. மண்டியில் எந்த முதலாளியும் 'இந்த அரிசி நல்லதா கெட்டதா எனக்குத் தெரியாது, வாங்கிப் போங்கள்' என்று சொல்லி அவர் கேட்டதில்லை. அப்படிச் சொல்பவன் யோக்கியனா, அல்லது மூட்டைக்குள் இருப்பது புழுவா?

மறுநாள் காலை மண்டிக்குப் போனபோது கூட்டாளி உச்சிமாகாளி லாரி நிழலில் பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் சிரித்தே விட்டார்.

"ரத்தம் கட்டுனா நாம என்னவே செய்வோம்?"

"தடவுவோம்."

"பின்ன? இத்தன வருசமா ஒம்ம காலு எப்படி ஓடுது? ஊசியா போட்டீரு, வே? ரத்தத்தத் தண்ணியாக்குவானாம், கட்டுனதத் தொட மாட்டானாம். நல்ல வைத்தியம்வே! பிள்ள காலு என்ன பாவம் செஞ்சுது?"

அது சும்மா பேச்சில்லை. ஆரியசாலையில் மூட்டை தூக்குகிறவன் எவனுக்கும் கால் நரம்பு கயிறு மாதிரி முறுக்கிக்கொண்டு நிற்கும். சாயங்காலம் வேலை முடிந்ததும் தேங்காய் எண்ணெயில் கற்பூரம் போட்டுக் காய்ச்சி, ஒருவர் காலை ஒருவர் மடியில் வைத்துத் தடவிவிடுவார்கள். அதற்கு ஒரு முறை உண்டு. பாதத்தில் தொடங்கி மேல்நோக்கித்தான் தடவ வேண்டும். கணுக்கால், ஆடுசதை, முட்டி, தொடை. கீழ்நோக்கித் தடவினால் இறங்கி நிற்கிற ரத்தம் இன்னும் இறங்கும், மறுநாள் மூட்டை தூக்க முடியாது. வீட்டுப் பெண்களுக்குக்கூட இந்தக் கணக்குத் தெரியாது. சுமட்டுக்காரர்களுக்கு மட்டும் தெரிந்த காரியம்.

உச்சிமாகாளியே டீக்கடை அடுப்பில் எண்ணெயைக் காய்ச்சிக் கொடுத்தார். இருமல் மருந்து இருந்த ஒரு சின்னக் குப்பியில் ஊற்றி, பிச்சைக்கனி வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டார்.

மத்தியானம் உள்ளே போக ஒரே ஒருவருக்குத்தான் அனுமதி. "நீ போய்ச் சாப்புடுட்டி, நான் பாத்துக்கிடுதேன்" என்று மகளை அனுப்பிவிட்டு, கையைக் கழுவி, அவர்கள் கொடுத்த பச்சைச் சட்டையை மாட்டிக்கொண்டு உள்ளே போனார்.

பிள்ளை மயக்க மருந்தில் தூங்கிக்கொண்டிருந்தாள். போர்வையை விலக்கினார். இடது கால் வலது காலின் ஒன்றரைப் பங்கு இருந்தது. தோல் இழுபட்டுப் பளபளத்தது. அதைப் பார்த்ததும் அவருக்கு இருந்த கொஞ்சநஞ்சச் சந்தேகமும் போனது. நர்ஸ் ஷிஜா பக்கத்துக் கட்டிலில் குனிந்திருந்தாள். குப்பியைத் திறந்து உள்ளங்கையில் ஊற்றித் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு பாதத்தில் ஆரம்பித்தார். மெதுவாகத்தான். கட்டைவிரல், குதிகால், கணுக்கால், ஆடுசதை. பிள்ளையின் முகத்தைப் பார்த்துக்கொண்டே முட்டியைத் தாண்டினார்.

மிஷின் கத்த ஆரம்பித்தது.

அவர் தலைக்கு மேல் இருந்த திரையில் நீல எண் சரசரவென்று இறங்கியது. அவருக்கு எண் படிக்கத் தெரியும், மூட்டைக் கணக்கு வைத்தவர்தானே. தொண்ணூறுகளில் இருந்தது எழுபது, அறுபது என்று போனது. பிறகு எண்ணே இல்லை.

"அப்பூப்பா! கைய எடும்! கைய எடும்ங்கேன்!"

ஷிஜா ஓடி வந்தாள். களியக்காவிளைப் பெண், தமிழும் மலையாளமும் ஒன்றாக வரும். முதலில் பிள்ளையின் நெஞ்சைப் பார்த்தாள். உதட்டைப் பார்த்தாள். மூச்சுக்குழாயைத் தொட்டுப் பார்த்தாள். கடைசியில்தான் காலைப் பார்த்தாள். பிள்ளையின் கால் கட்டைவிரலில் கவ்வி வைத்திருந்த ஒரு சின்ன கிளிப் மெத்தையில் கிடந்தது. அதன் சிவப்பு வெளிச்சம் சும்மா எரிந்துகொண்டிருந்தது. அதை எடுத்துத் துடைத்துப் பிள்ளையின் கைவிரலில் மாட்டினாள். எண் திரும்பி வந்தது. தொண்ணூற்று ஏழு. கத்தல் நின்றது.

ஷிஜா மூக்கை உறிஞ்சினாள். கற்பூர வாசனை.

"என்னது இது? எண்ணையா? இந்தக் காலுலயா தடவினீரு?"

அவர் குப்பியை மூடி மடியில் செருகினார்.

"எப்படித் தடவினீரு? கீழயா, மேலயா?"

"மேல பாத்துத்தான் தடவணும்," என்றார், இதுகூடத் தெரியாதா என்பது போல. "கீழ பாத்துத் தடவுனா வீக்கம் கூடும்லா?"

"எண்ட தெய்வமே!" ஷிஜா தலையில் கை வைத்துக்கொண்டாள். "அந்தக் கட்டி மேல போகக் கூடாதுன்னுதானே நாங்க இங்க எல்லாரும் கெடந்து பாடுபடுதோம்! நீரு தள்ளி விடுதீரே!"

பிச்சைக்கனி கட்டிலை விட்டு விலகினார். எண்ணெய்க் கை. எங்கே துடைப்பது என்று தெரியாமல் இரண்டு கைகளையும் முன்னால் நீட்டிக்கொண்டே நின்றார்.

டாக்டர் ராஜஸ்ரீ வந்தார். ஸ்கேன் வண்டி மறுபடியும் வந்தது. தொடையில் குழாய் போட்ட இடத்தின் மேல் ஒட்டியிருந்த பிளாஸ்டர் ஓரம் எண்ணெயில் கிளம்பியிருந்தது. அதைப் பிரித்து, மருந்து வைத்துத் துடைத்து, புதிதாக ஒட்டினார்கள். இவரை வெளியே அனுப்பிவிட்டார்கள். பகவதி சாப்பிட்டுத் திரும்பியபோது இவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். ஷிஜா அவளிடம் எல்லாவற்றையும் சொன்னாள்.

பகவதி சத்தம் போடவில்லை. அவர் மடியிலிருந்து குப்பியை உருவிக் குப்பைத் தொட்டியில் போட்டாள்.

"சாக்கு இல்லப்பா அது. எம்பிள்ள."

"எனக்குந்தாம்ட்டி பிள்ள."

"இனிமே உள்ள போகாண்டாம். நான் சாப்பிடாட்டாலும் பரவாயில்ல."

டாக்டர் வந்தார். "கட்டி இருந்த இடத்துலேயே இருக்கு. மூச்சும் நல்லா இருக்கு."

"மிசின் கத்துச்சே?"

"கிளிப் எண்ணெயில வழுக்கிடுச்சு. அதான் எண் இறங்கினது. குழந்தைக்கு ஒண்ணும் இல்ல."

"நெசமா? இல்ல, கெழவன் மனசு நோவாண்டாம்னு சொல்லுதியளா?"

"அம்மாவா, உங்க மேல எனக்கு நல்ல கோபம் உண்டு. மனசு நோகாம பேசற மூட்ல நான் இல்ல."

அது நம்பும்படியாக இருந்தது. அதனால் அவர் தைரியமாகக் கேட்டார்: "அப்பம் தடவுனதுல ஒண்ணும் ஆகல. அப்ப தப்பு இல்லன்னுதான அர்த்தம்?"

"ஆகல. ஆகியிருக்கலாம்."

மறுபடியும் அந்த 'லாம்'. பிச்சைக்கனி உட்கார்ந்துவிட்டார். அவர் கொல்லப் பார்த்தாரா, இல்லையா? ஒருவர் தீர்த்துச் சொன்னால் போதும். கொல்லப் பார்த்தாய் என்றால் காலில் விழுந்துவிடலாம். இல்லை என்றால் பகவதியை நாலு வார்த்தை கேட்கலாம். இரண்டும் இல்லாமல் நடுவில் எப்படி நிற்பது?

அதற்குப் பிறகு அவர் கண்ணாடிக்கு வெளியே இருந்தபடியே பார்த்தார். காலையும் மாலையும் ஷிஜா பிள்ளையின் வயிற்று மடிப்பில் ஒரு சின்ன ஊசி போட்டாள். ஊசி அளவு சரியா என்று பார்க்க ரத்தம் எடுத்தார்கள். ரத்தத்தை இளக்குவதற்கு ஒரு மருந்து, இளகியதா என்று பார்க்க அதே ரத்தத்தை எடுப்பது. ஒரு நாள் காலை பிள்ளையின் ஈறில் ரத்தம் கசிந்தது. அன்றைக்கு ஊசி இல்லை என்றார்கள். நேற்றுவரை ஊசி போடாவிட்டால் ஆபத்து, இன்று போட்டால் ஆபத்து. பகவதியிடம் கேட்டால், "அளவைக் குறைச்சு மறுபடி போடுவாங்கப்பா" என்று ஏதோ தானே டாக்டருக்குப் படித்தவள் மாதிரி சொன்னாள். கசிவு நின்றது. ஊசி திரும்பத் தொடங்கியது.

வாய்க்குழாயை எடுத்தார்கள். பிள்ளை கரகரத்த குரலில் முதலில் கேட்டது ஐஸ்கிரீம். அதற்குப் பிறகு காலை ரவுண்ட்ஸில் தொடையைக் காட்டிக் கேட்டபோது, வழக்கமாகத் தலையாட்டுகிறவர் வேறு மாதிரி தலையாட்டினார். அன்றைக்கே தொடைக்குழாயை எடுத்தார்கள். ஷிஜா அந்த இடத்தை வெகுநேரம் அழுத்திப் பிடித்துக்கொண்டு பிள்ளையிடம் ஏதோ கதை சொல்லிக்கொண்டிருந்தாள். பிச்சைக்கனி கண்ணாடியில் நெற்றியை ஒட்டிக்கொண்டு பிள்ளையின் நெஞ்சு ஏறி இறங்குவதையே பார்த்தார். துண்டு பிய்ந்து போனால் இப்போதுதான் போகும். போகலாம். போகாமலும் இருக்கலாம். நெஞ்சு ஏறியது, இறங்கியது. பிள்ளை கையை நீட்டி ஷிஜாவின் பேட்ஜைப் பிடித்து இழுத்தாள்.

சாதா வார்டுக்கு மாற்றியபோது கால் வீக்கம் பாதிக்குமேல் வற்றியிருந்தது. முழுக்க வற்றவில்லை. வீட்டுக்குப் போன பிறகும் சில மாதம் ஊசி போட வேண்டும் என்று பகவதிக்குப் பழக்கிக்கொடுத்தார்கள். அவள் நடுங்காமல் போட்டாள். இவர்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஒரு நாள் சாயங்காலம் அவர் ஆரஞ்சு வாங்கிக்கொண்டு வார்டுக்குள் நுழைந்தபோது கட்டில் காலியாக இருந்தது. பதறித் திரும்பினால், வராந்தாவில் பிள்ளை நின்றுகொண்டிருந்தாள். நின்றுகொண்டு என்ன, நடந்துகொண்டிருந்தாள். ஒரு கையைப் பகவதி பிடித்திருந்தாள். மறுகையைப் பயிற்சி கொடுக்கும் பெண் பிடித்திருந்தாள். இடது காலைக் கொஞ்சம் இழுத்து இழுத்து வைத்தாள். டாக்டர் ராஜஸ்ரீ எதிரில் நின்று, "வா, வா, மோளே" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"தாத்தா, நான் நடக்கேன் பாரு!"

பிச்சைக்கனி ஆரஞ்சுப் பையைப் பெஞ்சில் வைத்துவிட்டு நேரே டாக்டரிடம் போனார்.

"இது என்ன வேலை? அந்தக் காலுல நடக்க வைக்கியளே!"

"நடக்கணும் அம்மாவா. நடக்கறது நல்லது. படுத்தே கிடந்தா ரத்தம் இன்னும் கட்டும்."

"நான் கையால மெள்ளத் தடவுனதுக்கு ஆஸ்பத்திரியே கூடிச்சு. இப்பம் முழுப் பாரத்தையும் அது மேல போட்டு நடத்துதிய. தடவுனா போவும், நடந்தா போவாதோ?"

"அப்போ புதுக் கட்டி. குழாயும் உள்ளே இருந்தது. மருந்து பிடிச்சிருக்கல. இப்போ மருந்து நல்லா வேலை செய்யுது. கட்டியும் சுருங்கி ரத்தக்குழாயில ஒட்டிடுச்சு."

"முழுசும் போச்சா?"

"இல்ல. கொஞ்சம் இருக்கு."

"இருக்குல்லா? இருக்கறது போவாதுன்னு எழுதித் தருவியளா?"

டாக்டர் சிரித்தார். "எழுதித் தர முடியாது. போகறதுக்கு வாய்ப்பு ரொம்பக் குறைவு. நடக்காம இருக்கறதுதான் இவளுக்குக் கூடுதல் ஆபத்து."

"கொறவுன்னா இருக்குன்னுதான அர்த்தம்?"

"ஆமா, அம்மாவா. இருக்கு."

பகவதி பிள்ளையைப் பிடித்தபடியே திரும்பினாள். "அப்பா, வந்து இந்தக் கையப் பிடிச்சுக்கிடுங்க. சிஸ்டருக்கு அடுத்த பெட்டுக்குப் போகணும்."

பயிற்சிப் பெண் விட்ட கையைப் பிள்ளை அவரை நோக்கி நீட்டினாள். அவர் பார்த்தார். சின்னக் கை. அதைப் பிடித்தால் பிள்ளை ஓரடி எடுத்து வைப்பாள். அந்த அடியில் ஏதாவது ஆனால், அதுவும் இவர் கையில் ஆனதாகிவிடும். ஆகாமலும் இருக்கலாம்.

"நீயே பிடி," என்றார். "எனக்கு மண்டியில வேலை கெடக்கு."

"தாத்தா!"

"நாளைக்கி வாரேன் மக்கா. நீ உக்காரு. போதும் நடந்தது. உக்காரு."

பிள்ளை உட்காரவில்லை. அம்மாவின் கையை மட்டும் பிடித்துக்கொண்டு அடுத்த அடியை வைத்தாள். திரும்பி நடந்த அவர் காதில் அந்தச் சத்தம் விழுந்தது, ஒரு கால் சாதாரணமாகவும் ஒரு கால் உரசியும். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. லிப்ட் வாசலில் கூட்டம் நின்றது, படிக்கட்டுப் பக்கம் போனார். கரைக்காதாம், ஆனால் சுருங்கிவிட்டதாம். இருக்கிறதாம், ஆனால் நடக்கலாமாம். யாரை ஏமாற்றுகிறார்கள்? கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்கி, வெளி வாசலைக் கடந்து, மண்டிக்குப் போகும் கிழக்கேகோட்டை பஸ் நிற்கும் பக்கமாகத் தனக்குள் முனகிக்கொண்டே நடந்தார்.